பெட்டியைத் திறந்து பாருங்கள்



ஐப்பசி மழைக்கு இடையிடையே வெயில் முகங்காட்டும் இந்நாள்களில், குமரி மாவட்டத்து வீட்டு முற்றங்களிலும் தென்னந்தோப்புகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உள்ள தேனீப் பெட்டிகளின் வாயில்கள் மறுபடியும் சுறுசுறுப்படைகின்றன. ஆனி, ஆடி மழையில் உணவின்றி மெலிந்த கூட்டங்கள் இப்பொழுதுதான் முட்டையும் புழுவுமாகப் பெருகத் தொடங்குகின்றன. கார்த்திகை, மார்கழியில் கூட்டம் பிரிக்க வேண்டும். தை பிறந்து ரப்பர் மரம் புதுத்தளிர் விடும்போது தேன் வரத்து தொடங்கும். ஆண்டு முழுவதற்குமான வருவாயின் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று திங்களில்தான் வந்து சேர வேண்டும். ஆதலால் தேனீ வளர்க்கும் குடும்பங்களுக்கு இது நம்பிக்கையின் காலம். எச்சரிக்கையின் காலமும் இதுவே. கூட்டம் பெருகும் இந்தப் பருவத்தில்தான் நம் நாட்டுத் தேனீயின் கொடிய நோயும் தலைகாட்டுகிறது.

இம்மாதம் அந்நோயைக் குறித்தே எழுத எண்ணினோம். தேனின் இனிமையைப் பற்றியும் தேனீயின் உழைப்பைப் பற்றியும் பேசுவோர் பலர் இருக்கின்றனர். பெட்டியில் ஒரு புழு செத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவோர் சிலரே. கடன் வாங்கிப் பத்துப் பெட்டி வைத்த குடும்பத்துக்கு வேண்டியது இரண்டாவது உதவியே அன்றோ?

நம் பகுதிக்கு வந்த வரலாறு

பழைய நாளில் தேன் எடுப்பது என்றால் கூட்டை அழிப்பது என்றே பொருள். பாறைப் பிளவிலும் மரப்பொந்திலும் இருந்த கூட்டைப் புகையிட்டுக் கலைத்து, புழுவும் தேனும் சேர்ந்த அடையைக் கையால் பிழிந்து வடித்தனர். தேனீக் குடும்பம் சிதைந்து போகும். மறு ஆண்டு அவ்விடத்தில் தேன் இராது.

இந்நிலையை மாற்றியது ஓர் எளிய உண்மை. அமெரிக்க நாட்டில் லாங்ஸ்ட்ராத் என்ற போதகர், தேனீக்கள் தாம் நடமாடுவதற்கென்று ஒரு குறிப்பிட்ட அளவு இடைவெளியை மட்டும் அடைக்காமல் விட்டுவைக்கின்றன என்பதை 1851-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அந்த இடைவெளியை விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், தேனீக்கள் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவிடமாட்டா. ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். ஐரோப்பியத் தேனீக்கு ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நம் நாட்டு அடுக்குத் தேனீ உருவில் சிறியதாதலின் அதற்கு இன்னும் சற்றுக் குறைந்த இடைவெளியே போதும். இதனை உணர்ந்து, நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்தவர் குருவானவர் நியூட்டன். 1911 முதல் 1917 வரை அவர் தென்னிந்தியச் சிற்றூர் மக்கள் பலருக்கு இத்தொழிலைப் பயிற்றுவித்தார். இன்றும் நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ‘நியூட்டன் பெட்டி’யே. பின்னர் 1920-ஆம் ஆண்டுகளில், மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தின் சிற்றூர்ச் சீரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் அவர்கள் இதனை ஏழை உழவர்களின் துணைத்தொழிலாகப் பரப்பினார். மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

அந்தப் பெயருக்கு 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் பேரிடி விழுந்தது. தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் கேரளம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மாநிலங்களின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் புகுந்தது. தாய்லாந்து நாட்டில் முதன்முதல் அறியப்பட்டமையால் அதற்கு அப்பெயர். பத்துப் பெட்டிகளில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன என்பது அந்நாளைய கணக்கு. பெட்டிகள் விறகாயின, தேன் எடுக்கும் இயந்திரங்கள் பரணில் ஏறின. இத்தொழிலையே நம்பிய குடும்பங்கள் கூலி வேலை தேடிச் சென்றன. சிலர் மட்டும், நோயில் தப்பி எஞ்சிய கூட்டங்களைப் பொறுமையோடு பேணிப் பெருக்கினர். இன்று நம் பெட்டிகளில் வாழும் தேனீக்கள் பெரும்பாலும் அவ்வாறு தப்பியவற்றின் வழிவந்தவை. ஆகவே அந்த நோய் முன்னைப்போல் ஒரே வீச்சில் அனைத்தையும் அழிப்பதில்லை. ஆயினும் அது நம்மைவிட்டு நீங்கவுமில்லை. ஆண்டுதோறும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நோய் எவ்வாறு பரவுகிறது?

இதை அறியத் தேனீயின் வளர்ச்சியைச் சிறிது நினைவுகூர வேண்டும். இராணி இட்ட முட்டை மூன்று நாளில் புழுவாகிறது. பணித்தேனீக்கள் அப்புழுவுக்கு ஐந்து நாள் அளவு உணவூட்டிய பின், அறையின் வாயை மெழுகால் மூடிவிடுகின்றன. உள்ளே புழு கூட்டுப்புழுவாக மாறி, முட்டையிட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 20 நாளில் பணித்தேனீயாக வெளிவருகிறது. இராணிக்கு 15, 16 நாள் போதும். ஆண் தேனீக்கு 24 நாள் ஆகும்.

நோய் நச்சு, இளம்புழுவுக்கு ஊட்டப்படும் உணவின் வழியாகவே உள்ளே செல்கிறது. புழு நன்றாக வளர்ந்ததுபோலவே தோன்றும். ஆனால் கூட்டுப்புழுவாக மாற வேண்டிய தருணத்தில் தன் பழைய தோலை அதனால் உரிக்க முடிவதில்லை. தோலுக்கும் உடலுக்கும் இடையே நீர் கோத்து, புழு ஒரு சிறு பைபோல் ஆகி இறந்துவிடுகிறது. இளம் பணித்தேனீக்கள் அந்தப் பிணத்தை அப்புறப்படுத்த முனைகின்றன. அப்பொழுது நச்சு அவற்றின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. உணவு சுரக்கும் சுரப்பிகளில் தங்கி, அடுத்த புழுவுக்கு ஊட்டும் உணவோடு கலக்கிறது. இவ்வாறு, கூட்டைத் தூய்மை செய்யும் தேனீக்களே அறியாமல் நோயைச் சுமக்கின்றன. வளர்ந்த தேனீயிடம் வெளிப்படையான நோய்க்குறி ஏதும் இராது. ஆகவேதான், வாயிலில் தேனீக்கள் போவதும் வருவதும் கண்டு, கூட்டம் நலமாயிருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

புதிய தேனீக்கள் பிறவாமையால் சில வாரங்களில் கூட்டம் சுருங்குகிறது. பிறகு ஒருநாள் எஞ்சியவை பெட்டியைக் கைவிட்டுப் பறந்துவிடுகின்றன. வலுவிழந்த பெட்டியின் தேனைப் பக்கத்துப் பெட்டியின் தேனீக்கள் வந்து கொள்ளையிடும். அத்தோடு நோயையும் எடுத்துச் செல்லும்.

எப்படிக் கண்டறிவது?

வெளியிலிருந்து பார்த்து இந்நோயை அறிய முடியாது. பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று தலைப்பிட்டது இதனால்தான். மழையில்லாத நாளில், வெயில் ஏறும் முன்னர், காலை எட்டு மணியளவில் திறப்பது நன்று. புகைப்பானில் தேங்காய் நார் இட்டு, வாயிலில் இரண்டு மூன்று முறை மெல்லப் புகையூட்டினால் போதும். நடுவிலுள்ள புழு அடையைத் தூக்கி, வெளிச்சம் அறைகளின் அடிவரை விழும்படி சாய்த்துப் பாருங்கள்.

நலமான அடையில் மூடிய அறைகள் இடைவிடாமல் ஒரே பரப்பாக இருக்கும். நோயுற்ற அடையிலோ மூடிய அறைகளுக்கிடையே திறந்த அறைகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும்; சில மூடிகளில் சிறு துளை காணப்படும். அவ்வறைகளில் இறந்த புழு சுருண்டு கிடவாமல் நீண்டு படுத்து, தலையை மட்டும் மேல்நோக்கித் தூக்கியிருக்கும். நம் கடற்கரை மக்களுக்குச் சொல்வதானால், வள்ளத்தின் முன்மூக்கைப்போல என்று சொல்லலாம். ஒரு முள்ளால் மெல்லத் தூக்கினால் புழு முழுப்பையாக வெளியே வரும். உள்ளே தெளிந்த நீர் தளும்பும். முதலில் வெண்மையாக இருந்து, பின் மஞ்சளாகி, பழுப்பாகி, இறுதியில் உலர்ந்த செதிலாகிவிடும். அச்செதில் அறையில் ஒட்டிக்கொள்ளாது. நாற்றம் இராது.

நாற்றம் இராது என்பதை நினைவில் வைக்க வேண்டும். புளிப்பு நாற்றத்தோடு, மூடப்படாத அறையில் இளம்புழு நிறம் மாறிக் கிடந்தால், அது பாக்டீரியாவால் வரும் வேறொரு அழுகல் நோயாக இருக்கலாம். ஐயம் எழுந்தால், அடையின் ஒரு துண்டை வெட்டித் தாளில் சுற்றி, அருகிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டிக் கேளுங்கள். தேன் சொட்டும் துண்டைத் திறந்தபடி எடுத்துச் செல்லாதீர்கள். வழியெங்கும் தேனீக்களுக்கு நோயைப் பரிமாறியவர் ஆவீர்கள்.

மருந்து உண்டா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நச்சுயிரியைக் கொல்லும் மருந்து எதுவும் இந்நோய்க்கு இன்றுவரை பயன்பாட்டில் இல்லை. சிலர் மனிதருக்கும் கால்நடைக்கும் தரும் நோய்க்கொல்லி மாத்திரைகளைப் பொடித்துச் சீனிப்பாகில் கலந்து ஊற்றுகிறார்கள். அம்மாத்திரைகள் பாக்டீரியாவை எதிர்ப்பவை. நச்சுயிரியை ஒன்றும் செய்யமாட்டா. நோய் தீராததோடு, அம்மருந்தின் எச்சம் தேனில் தங்கிவிடும். அத்தேனை வாங்கி உண்பவர் நம் அயலார், அதை மறந்துவிடலாகாது.

மருந்து இல்லை என்பதால் வழியே இல்லை என்று மனந்தளர வேண்டா. புழு இருந்தால்தான் நோய் வளரும். ஆதலால் சில நாள் புழுவே இல்லாமற் செய்துவிட்டால், நோயின் தொடர் அறுபடும். அதற்குரிய முறை இது:

முதலாவது, நோய் மிகுந்த அடைகளை எடுத்து அன்றே எரித்துவிட வேண்டும், அல்லது ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். அவற்றை ஒருபோதும் வேறு பெட்டிக்குள் வைக்கலாகாது.

இரண்டாவது, உணவுள்ள நல்ல அடைகள் சிலவற்றை மட்டும் விட்டு, தேனீக்கள் அவற்றின்மேல் நெருக்கமாகப் படியும்படி செய்ய வேண்டும். காலி இடம் மிகுதியாக இருந்தால் சூடு குறையும், கூட்டம் நலியும்.

மூன்றாவது, இராணியைச் சிறு கூண்டிலிட்டு அடைகளுக்கிடையே மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். கூட்டத்தில் இராணியின் மணம் இருப்பதால் பணித்தேனீக்கள் கலங்கமாட்டா. புதிய முட்டையும் விழாது. அதற்குள் இருந்த புழுக்களெல்லாம் ஒன்று பிழைத்து வெளிவரும், அல்லது இறந்து அகற்றப்படும்.

நான்காவது, அந்நாள்களில் மாலைதோறும் சிறிது சீனிப்பாகு தர வேண்டும். உணவு குறைந்தால் நோயுற்ற கூட்டம் உடனே பறந்துவிடும்.

ஐந்தாவது, இயன்றால் பழைய இராணியை நீக்கி, நோயே காணாத பெட்டியிலிருந்து இராணி அறையொன்றை வெட்டி இதில் பொருத்த வேண்டும். நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் இயல்பு இராணியின் வழியாகவே வருகிறது.

இவ்வளவு செய்தும் தேறாத கூட்டங்கள் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு மற்றப் பெட்டிகளையும் இழப்பதைவிட, ஒரு மாலையில் தேனீக்களெல்லாம் திரும்பிய பின் வாயிலை அடைத்து அக்கூட்டத்தை அழித்துவிடுவதே அறிவு. வளர்த்த கைக்கு இது கடினம். பிள்ளைகள் பெயர் வைத்து அழைத்த பெட்டியாகக்கூட இருக்கும். ஆயினும் ஒன்பதைக் காக்க ஒன்றை இழப்பதற்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். வெறும் பெட்டியைச் சலவைச் சோடா கலந்த கொதிநீரால் கழுவி, பல நாள் வெயிலில் காயவிட்ட பிறகே மறுபடி பயன்படுத்துக.

விற்றுவிட்டால் தீர்ந்ததா?

இங்கே ஒரு கடினமான செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. கூட்டம் பிரிக்கும் பருவத்தில் பெட்டியோடு கூட்டம் வாங்க வெளியூரிலிருந்தும் ஆள் வருவார்கள். புழுவில் நோய் கண்ட ஒருவர், ‘இன்னும் பத்து நாளில் இது எப்படியும் போய்விடும், இப்பொழுதே தள்ளிவிட்டால் முதலாவது மிஞ்சும்’ என்று எண்ணக்கூடும். வாங்க வருபவர் பெரும்பாலும் புதியவர். வாயிலில் தேனீ பறப்பதைக் கண்டு மகிழ்ந்து பணத்தை எண்ணிக் கொடுப்பார். அவரும் கூட்டுறவுச் சங்கத்தில் அல்லது மகளிர் குழுவில் கடன் வாங்கியவராகத்தான் இருப்பார்.

சரக்கிலுள்ள மறைவான குறையை அறிந்தும் சொல்லாமல் விற்பது களவின் ஒரு வகை என்பது திருச்சபையின் அறநூலார் கூறும் தீர்ப்பு. விற்ற பின்னர் மனம் வருந்தினால் மட்டும் போதாது. ஈடும் செய்ய வேண்டும். இத்தொழிலிலோ அந்த ஈட்டுக்கு அளவே இல்லை. கெட்ட மாட்டை விற்றால் வாங்கியவர் ஒருவரே நட்டமடைவார். நோயுற்ற தேனீக் கூட்டத்தை விற்றால், அது சென்று சேரும் ஊரில் உள்ள பெட்டிகள் அனைத்துக்கும் அது கேடாகலாம். நம் அடுக்குத் தேனீ ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறந்து இரை தேடுகிறது. உம் வேலியும் அயலார் வேலியும் அதற்கு ஒன்றே.

அதேபோல, தம் பெட்டியில் நோய் கண்டவர் அதை மறைப்பதும் தவறு. ‘சொன்னால் என் தேனை யாரும் வாங்கமாட்டார்கள்’ என்று அஞ்சுகிறார்கள். இந்த நச்சு மனிதரைத் தாக்குவதில்லை. அத்தேனை உண்பதால் யாருக்கும் தீங்கு வராது. தேனீக்குத்தான் கேடு. ஆகவே அச்சம் வேண்டா. அக்கம்பக்கத்தாரிடம் அன்றே சொல்லுங்கள். சொன்னால் அவர்களும் தத்தம் பெட்டியைப் பார்ப்பார்கள். கேட்பவர்களும், ‘உம்மால்தான் வந்தது’ என்று பழி சொல்லாதிருக்க வேண்டும். பழிக்கு அஞ்சியே பலர் வாய் திறவாமல் இருக்கின்றனர்.

வருமுன் காத்தல்

வலிமையான கூட்டம் பல துன்பங்களைத் தாங்கும். வலிமை, உணவிலிருந்தே தொடங்குகிறது. மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 200 கிராம் சீனியைச் சம அளவு வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். தேனீ மூழ்காதிருக்க அதில் சில வைக்கோல் துண்டுகளை மிதக்கவிடுங்கள். மாலையில், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் தர வேண்டும். இல்லையேல் ஒன்றை ஒன்று கொள்ளையிடும். சீனிக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய தேனையோ பிறர் பெட்டித் தேனையோ ஊட்டாதீர்கள். நோய் வீட்டுக்குள் வர அதைவிட நேர்வழி இல்லை.

புழு அறையிலுள்ள தேன் தேனீக்களின் சொத்து. மேலுள்ள தேன் அறையிலிருந்து மட்டும், அடையின் முக்கால் பங்கு மூடப்பட்ட பிறகே எடுக்க வேண்டும். ரப்பர்த் தேனில் இயல்பாகவே நீர் சற்று மிகுதி. மூடுமுன் எடுத்தால் சில வாரங்களில் புளித்துவிடும். தேனில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் இருத்தல் கூடாது என்பது உணவுத் தர விதி. அத்தேன் விரைவில் உறைவதும் இயல்பே. உறைந்தது கலப்படம் என்று வாங்குவோர் ஐயுற வேண்டா.

ஆசையால் ஒரு கூட்டத்தை மூன்றும் நான்குமாகப் பிரிப்பதும் கேட்டுக்கு வழி. எண்ணிக்கை கூடும், வலிமை போய்விடும். இவ்வாறு மெலிந்த பெட்டியில்தான் மெழுகு அந்துப்பூச்சி குடியேறி, அடை முழுவதும் வலை பின்னிவிடுகிறது. வாரம் ஒருமுறை அடிப்பலகையைத் துடைத்து, தேனீ படியாத அடைகளை எடுத்துவிட்டால் அந்து நெருங்காது. எறும்புக்குத் தாங்கியின் காலில் கிண்ணம் வைத்து நீர் ஊற்றுவது வழக்கம். அந்நீரில் கொசு பெருகுமாதலால் அடிக்கடி மாற்றுங்கள், அல்லது பழைய எண்ணெய் சிறிது விடுங்கள்.

பெட்டியின் முன் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி குவியலாக இறந்து கிடந்தால், அது நோயன்று, பூச்சிமருந்தின் வேலை. வாழைக்கும் காய்கறிக்கும் மருந்து தெளிக்கும் அயலாரிடம் முன்னரே பேசி, தேனீ அடங்கிய பின் மாலையில் தெளிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மகரந்தம் பரப்பும் தேனீயால் அவர் தோட்டத்துப் பாகலுக்கும் பூசணிக்கும் காய்ப்பு மிகும் என்பதை எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார்.

தாய்மாருக்கு இரண்டு சொற்கள்

பிறந்த குழந்தைக்குச் சேனை என்று நாவில் தேன் தடவுவது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அன்பினால் எழுந்த வழக்கமேயாயினும், அதைக் கைவிட வேண்டும். தூய தேனிலும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர் வயிற்றில் அவை ஒன்றும் செய்வதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரச்செய்து, மூச்சையே முடக்கிவிடலாம். நம் வீட்டுப் பெட்டியில் நாமே எடுத்த தேனாயினும் விதி ஒன்றே: முதலாவது பிறந்தநாள் கழியும்வரை ஒரு துளியும் வேண்டா. பாட்டிமார் மனம் வருந்தாதபடி இதனைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மற்றொன்று, கொட்டுதலைப் பற்றியது. தேனீ கொட்டினால் கொடுக்கை விரைவாக நகத்தால் வழித்து எடுத்துவிட வேண்டும். தாமதிக்கும்தோறும் நஞ்சு இறங்கும். கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. ஆனால் முகமும் உதடும் வீங்கினாலோ, உடலெங்கும் தடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, வீட்டு மருத்துவம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முடிவாக

நம் ஆலயங்களில் பாஸ்காத் திரி ஏற்றப்படும் இரவில், அதன் மெழுகைத் தந்த தேனீக்களைத் திருச்சபை பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. புனித அம்புரோசைத் தேனீ வளர்ப்போர் தம் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர். அவர் திருநாள் டிசம்பர் 7. அதற்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. அத்திருநாளுக்குள் பங்கில் தேனீ வளர்ப்போர் எல்லாரும் தத்தம் பெட்டிகள் அனைத்தையும் ஒருமுறையேனும் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தால் என்ன? ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு கால்மணி நேரம் ஆலய முற்றத்தில் கூடி, யார் பெட்டியில் என்ன கண்டார்கள் என்று ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்ளுங்கள். பார்வை மங்கிய முதியவர்களின் பெட்டிகளை இளைஞர் சென்று பார்த்துத் தரலாம். நோய் கண்ட குடும்பத்துக்கு, நலமான பெட்டி உடையவர் தை மாதத்திற்குப் பின் ஓர் இராணி அறையோ ஒரு சிறு கூட்டமோ கொடுத்து உதவலாம். 1992-இல் கைவிட்டவர்களில் பலர், அப்படி உதவ ஒருவர் இருந்திருந்தால் தொழிலில் நிலைத்திருப்பர்.

அடுத்த மாதம், கூட்டம் பிரிப்பதற்கேற்ற நேரத்தையும் இராணி அறையை வெட்டிப் பொருத்தும் முறையையும் விளக்குவோம். அதற்குள் உங்கள் பெட்டியில் தலை நிமிர்ந்த புழு எதையேனும் கண்டால், பிரிக்கும் வேலையை நிறுத்திவையுங்கள்.